இறங்கிய பின் ஒரு செய்தி

சிறிய விமானம் ஒன்று ஓடுபாதையில் இறங்கி, எஞ்சின் நின்று, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டாலும் அதன் பயணம் ஏட்டளவில் முடிந்துவிடுவதில்லை. புறப்படுமுன் விமானி எழுதிக் கொடுத்த ஃபிளைட் பிளான் அப்போதும் திறந்தபடியே இருக்கிறது. ‘வந்து சேர்ந்தாயிற்று’ என்ற செய்தி விமானப் போக்குவரத்துச் சேவையினருக்குப் போய்ச் சேரும்வரை அந்த விமானம் வானில் இருப்பதாகவே கணக்கு. வர வேண்டிய நேரம் கடந்து அரை மணி ஆகியும் செய்தி இல்லையென்றால், அதற்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று கருதி வேலைகள் தொடங்கும். விமானி அந்நேரம் வீட்டுக்குப் போகும் காரில் இருக்கலாம்.

பெரிய பயணிகள் விமானங்களுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக எழுவதில்லை. அவை கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையங்களில் இறங்குகின்றன. இறங்குவதைக் கண்ணால் பார்க்கும் கட்டுப்பாட்டு அலுவலரே வருகையைப் பதிந்துவிடுகிறார். விமான நிறுவனத்தின் அலுவலகமும் தன் பங்குக்கு ஒவ்வொரு விமானத்தையும் பின்தொடர்கிறது. பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி உரிமத்துடன் இரண்டு அல்லது நான்கு இருக்கை விமானம் ஓட்டுபவரின் நிலை வேறு. அவர் பெரும்பாலும் கண்பார்வையை நம்பிப் பறக்கிறார். கோபுரமே இல்லாத தளத்தில் இறங்க நேரலாம். அங்கே அவர் இறங்கியதை அவரைத் தவிர யாரும் அறியமாட்டார்கள்.

இதற்கான உலகப் பொது விதியை ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்துக்குப் பல பின்னிணைப்புகள் உண்டு. அவற்றுள் இரண்டாவது, வானில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளைச் சொல்கிறது. போய்ச்சேரும் இடம்வரைக்கும் பிளான் கொடுத்த ஒவ்வொரு விமானமும் இறங்கியவுடன் நேரிலோ வானொலியிலோ தரவு இணைப்பிலோ வருகையைத் தெரிவிக்க வேண்டும். இறங்கிய தளத்தில் அலுவலகம் இல்லையென்றால், கிடைக்கும் வழிகளில் மிக வேகமானதைக் கொண்டு அருகிலுள்ள அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசி வசதிகூட இராது என்று முன்பே தெரிந்தால், இறங்குவதற்குச் சற்று முன் வானிலிருந்தே சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியவையும் மிகச் சில: விமானத்தின் அடையாளம், புறப்பட்ட தளம், இறங்கிய தளம், இறங்கிய நேரம், வேறிடத்தில் இறங்கியிருந்தால் முதலில் போக நினைத்த தளத்தின் பெயரும். அரை நிமிடப் பேச்சு. இதைச் செய்யத் தவறினால் போக்குவரத்துச் சேவை குலையும், தேவையற்ற தேடலுக்குப் பெரும் செலவு நேரும் என்று அந்த விதியின் அடிக்குறிப்பே எச்சரிக்கிறது.

அரை நிமிடப் பேச்சின் எடையை அறிய, ஃபிளைட் பிளான் படிவத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். படிவத்தின் மேல்பகுதி போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதற்கானது. விமானத்தின் பதிவெழுத்துகள், வகை, புறப்படும் தளம், நேரம், வேகம், உயரம், வழி, போய்ச்சேரும் தளம், பயணத்துக்கு ஆகும் நேரம், அங்கே இறங்க முடியாவிட்டால் நாட வேண்டிய மாற்றுத் தளம் ஆகியவை அதில் வரும். கடைசியில் உள்ள 19-ஆம் கட்டத்தின் கேள்விகள் வேறு வகை. எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும்? உள்ளே எத்தனை பேர்? அவசர வானொலி உண்டா? பாலைவனம், கடல், காடு ஆகியவற்றில் உயிர்பிழைக்க உதவும் பொருள்கள் என்னென்ன? மிதவைச் சட்டைகள், படகுகள் இருக்கின்றனவா? விமானத்தின் நிறம் என்ன? ஓட்டுபவர் யார்?

பயணம் ஒழுங்காக நடந்தால் இந்தக் கேள்விகளுக்கான விடைகளை யாரும் படிப்பதில்லை. மேல்பகுதி மட்டுமே செய்தியாகப் பிற நிலையங்களுக்குப் போகிறது. 19-ஆம் கட்டம் கொடுத்த இடத்திலேயே கோப்பில் தங்கிவிடும். விமானம் வரவில்லை என்று ஐயம் எழும்போதுதான் போய்ச்சேர வேண்டிய நிலையம் அதைக் கேட்டு வாங்குகிறது. பச்சைக் காட்டின் மேல் பறந்து தேடுபவருக்குத் தேடும் பொருள் வெள்ளையா சிவப்பா என்று தெரிந்தாக வேண்டும். எத்தனை பேரைக் கண்டுபிடித்தால் தேடலை நிறுத்தலாம் என்றும் தெரிய வேண்டும். ஃபிளைட் பிளான் கொடுப்பது, ‘நான் வராவிட்டால் என்னைத் தேடுங்கள்’ என்று எழுத்தில் வைக்கும் வேண்டுகோள். பிளானை முடிக்கும் செய்தி அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறது.

இந்தியாவில் இந்த ஏற்பாட்டின் நிர்வாகம் புதுதில்லியின் சிறு வட்டம் ஒன்றுக்குள் குவிந்திருக்கிறது. அந்த வட்டத்தை ஒட்டியுள்ள சரோஜினி நகர் என்றதும் துணிக்கடைச் சந்தையும், முன்பு வினய் நகர் என்று பெயர் கொண்டிருந்த அரசு ஊழியர் குடியிருப்பும் நினைவுக்கு வரும். மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் அதற்கு அடுத்த நிறுத்தம் தில்லி ஹாட்–ஐ.என்.ஏ. அந்த நிறுத்தத்தை ஒட்டி சப்தர்ஜங் விமானத் தளம் கிடக்கிறது. 1929-இல் தொடங்கி, வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்த தளம் அது. 1928-இல் அமைந்த தில்லி பறத்தல் மன்றம் பல தலைமுறை விமானிகளை அங்கே பழக்கியது. பாதுகாப்புக் காரணங்களால் 2000-களின் தொடக்கத்தில் அங்கே பயிற்சிப் பறத்தல் ஓய்ந்தது. விமானங்கள் விலகினாலும் அலுவலகங்கள் விலகவில்லை. உரிமம் வழங்கி விதிகளை வகுக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தளத்தின் எதிரே அரவிந்தர் சாலையில் இருக்கிறது. வான்போக்குவரத்தை நடத்துவதோடு விமானத் தேடலையும் மீட்பையும் ஒருங்கிணைக்கும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் தலைமையகமான ராஜீவ் காந்தி பவனும், விபத்துகளை ஆராயும் பணியகம் உள்ள உடான் பவனும் தளத்தின் வளாகத்திலேயே உள்ளன. விதியை எழுதுபவர், விமானம் வராவிட்டால் தேட ஏற்பாடு செய்பவர், விபத்தானால் காரணம் காண்பவர் ஆகிய மூவரும் சரோஜினி நகரிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறார்கள்.

சப்தர்ஜங்கில் சிறு விமானங்கள் பறந்த காலத்துக்குப் பொருந்தும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் காலை 10 மணிக்கு அங்கிருந்து கிளம்பி, வடக்கே சுமார் 125 கி.மீ. தொலைவிலுள்ள கர்னாலுக்குப் போகிறது. பயண நேரம் 40 நிமிடம் என்று விமானி எழுதியிருக்கிறார். எரிபொருள் நான்கு மணி நேரத்துக்கு. 10.40-க்கு விமானம் வர வேண்டும். 11.10 ஆகியும் செய்தி இல்லையென்றால் முதல் நிலை அறிவிக்கப்படும். இதற்கு ஐயநிலை என்று பெயர். உலகெங்கும் கட்டுப்பாட்டு அலுவலர்கள் இதை ‘இன்செர்ஃபா’ என்ற குறிச்சொல்லால் அழைக்கிறார்கள். விசாரித்தும் தகவல் இல்லையென்றால் அடுத்தது எச்சரிக்கை நிலை, ‘அலெர்ஃபா’. விரிவாக விசாரித்தும் பலனில்லை என்றாலோ, எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கருத வேண்டிய கட்டம் வந்தாலோ அபாய நிலை, ‘டெட்ரெஸ்ஃபா’. மேற்சொன்ன விமானம் பிற்பகல் 2 மணிக்கு மேல் வானில் இருக்க வழியே இல்லை. எங்கோ தரையில் இருக்கிறது; எங்கே என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியின் பரப்பை பிளான் எப்படிச் சுருக்குகிறது என்று பாருங்கள். எந்தத் திசையில் போனது என்று தெரியாத விமானம் ஒரு மணி நேரத்தில் 200 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,25,600 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நேரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். வழி தெரிந்திருந்தாலோ, கோட்டின் இருபுறமும் 20 கி.மீ. எடுத்துக்கொண்டால்கூட 125 கி.மீ. பயணத்துக்கு 5,000 சதுர கிலோமீட்டர் போதும். ஒரு தாளில் எழுதிய இரண்டு ஊர்ப்பெயர்கள் தேடும் பரப்பை இருபத்தைந்தில் ஒரு பங்காக்கிவிடுகின்றன.

நேரம் ஏன் இவ்வளவு பெரிதாக எண்ணப்படுகிறது என்பதற்கு விடை உடலியலில் இருக்கிறது. விபத்தில் காயமடைந்தவர்கள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில் 80 விழுக்காடுவரை குறையக்கூடும் என்று அமெரிக்க விமானிகளுக்கான அரசுக் கையேடு கூறுகிறது. காயமில்லாதவர்களுக்கும் மூன்று நாளுக்குப் பின் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஆகவே தேடுபவர்களால் பொறுத்திருந்து பார்க்க முடியாது.

விபத்து ஊருக்குள் நடந்தால் இந்தக் கவலைக்கு இடமில்லை. 1980 ஜூன் 23 அன்று சப்தர்ஜங்கிலிருந்து கிளம்பிய பிட்ஸ் எஸ்-2ஏ விமானம் தளத்துக்கு அருகிலேயே விழுந்து, சஞ்சய் காந்தியும் உடனிருந்த கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தார்கள். எங்கே விழுந்தது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. காட்டின் கதை வேறு. 2009 செப்டம்பர் 2 அன்று ஹைதராபாத் பேகம்பேட்டிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய ஆந்திர அரசின் பெல் 430 ஹெலிகாப்டர், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பிழந்தது. முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி உட்பட ஐந்து பேர் அதில் இருந்தார்கள். வழி தெரிந்திருந்தது. விமானப்படையின் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நல்லமலைக் காட்டைச் சல்லடையிட்டன. அப்படியிருந்தும் சிதைவைக் காண மறுநாள் காலைவரை ஆயிற்று. மாநிலத்தின் முதல்வருக்கே இவ்வளவு நேரம் என்றால், எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பும் தனி விமானியின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதற்கும் உதாரணம் உண்டு. பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர் ஸ்டீவ் ஃபாசெட். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவிலுள்ள ஒரு பண்ணையின் ஓடுதளத்திலிருந்து சிறிய விமானத்தில் கிளம்பினார். ஃபிளைட் பிளான் கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் தேடினார்கள். அவருடைய விமானத்துக்குப் பதிலாக, பழைய விபத்துகளில் விழுந்து அதுவரை யாரும் அறியாதிருந்த சிதைவுகள் சில அகப்பட்டன. ஃபாசெட்டின் விமானம் கலிபோர்னியா மலைகளில் கிடந்தது ஓராண்டுக்குப் பின், 2008 அக்டோபரில்தான் தெரிந்தது. பிளானை முடிக்க மறந்தால் பழி வரும் என்று அஞ்சிப் பிளானே கொடுக்காமல் பறப்பது எவ்வளவு மோசமான தீர்வு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வராத விமானங்கள் எல்லாம் விழுந்தவை அல்ல. மறதியால் பிளான் முடிக்கப்படாதவையும் அவற்றில் உண்டு. அரை மணி கடந்ததும் கட்டுப்பாட்டு அலுவலரின் முன் இருப்பது ஒரு நிகழ்தகவுச் சிக்கல். செய்தி வராததற்கு மறதி காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மறதி என்று எண்ணி விட்டுவிட்டு, அது விபத்தாக இருந்துவிட்டால் அந்தத் தவறை மீட்க முடியாது. இரண்டு தவறுகளின் விலையும் சமமல்ல. இப்படிப்பட்ட இடத்தில் அறிவியல் சொல்லும் வழி, விலை குறைந்த சோதனையை முதலில் செய்வது. அதனால் முதல் தேடல் வானில் நடப்பதில்லை, தொலைபேசியில் நடக்கிறது. புறப்பட்ட தளத்தைக் கேட்பார்கள்: உண்மையில் கிளம்பியதா? வழியிலுள்ள தளங்களைக் கேட்பார்கள்: அங்கே இறங்கியதா? மாற்றுத் தளத்தைக் கேட்பார்கள். விமானியின் கைபேசிக்கும் வீட்டுக்கும் பறத்தல் மன்றத்துக்கும் அழைப்பார்கள். தளத்தில் இருக்கும் யாரையாவது போய், நிறுத்தியிருக்கும் விமானங்களிடையே அந்தப் பதிவெழுத்துகள் தென்படுகின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். மறதியாக இருந்தால் இத்தனைக்குள் விடை கிடைத்துவிடும்.

விடை கிடைக்காதபோது செலவு ஏறுகிறது. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் பொறுப்பேற்கிறது. தரையில் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும், வானில் விமானப்படையும், கடலில் கடலோரக் காவல்படையும் அழைக்கப்படுகின்றன. கீழே தேடும் கண்களுக்காகத் தாழப் பறக்க வேண்டும். மலைகளிடையே அப்படிப் பறப்பது தேடுபவருக்கே ஆபத்து. ஒரு மறதிக்காக முகம் தெரியாத சிலர் அந்த ஆபத்தை ஏற்கிறார்கள் என்பது, இந்தப் பொருளில் செலவுக் கணக்கைவிடக் கனமான செய்தி. அதே நேரத்தில் வேறிடத்தில் உண்மையான விபத்து நடந்திருந்தால், அங்கே போக வேண்டிய ஹெலிகாப்டர் இங்கே இருக்கும்.

அவசரக் கருவியே இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். விமானம் மோதி விழுந்தால் தானே இயங்கி 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் குரல் கொடுக்கும் ஈ.எல்.டி. கருவிகள் உள்ளன. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் ஏற்பாடு அந்தக் குரலைக் கேட்கிறது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவரை மீட்டது அதன் முதல் வெற்றி. இந்தியாவில் பெங்களூரிலுள்ள இஸ்ரோவின் மையம் இந்தச் சமிக்ஞைகளைப் பெற்று மீட்பு மையங்களுக்கு அனுப்புகிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-இல் நிறுத்தப்பட்டது. எனினும் மோதலில் ஆண்டெனா முறியலாம்; தீயில் கருவி எரியலாம்; நீரில் மூழ்கினால் அலை வெளியே வராது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. கடலடியில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவு அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில். கருவியின் குரல் வரவில்லை என்பதால் விமானம் நலம் என்று முடிவுகட்ட முடியாது. வராத விமானத்தை வரவில்லை என்று அறிவிப்பது இன்றும் பிளானின் கடிகாரம்தான்.

மறதி எங்கிருந்து வருகிறது? கவனக்குறைவு என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அது சரியான விளக்கம் அல்ல. கவனக்குறைவுள்ளவர் எஞ்சினை நிறுத்தவும் சக்கரங்களுக்கு அடைகொடுக்கவும் மறக்க வேண்டும். அவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் விமானியே இதை மட்டும் மறக்கிறார்.

உளவியலில் இதற்கு இரண்டு விளக்கங்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவது, நினைவின் வகை. நடந்ததை நினைவுகூர்வது வேறு. இனிச் செய்ய வேண்டியதை உரிய தருணத்தில் நினைவுகூர்வது வேறு. கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் இந்த இரண்டாம் வகையையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஏதேனும் ஒரு நிகழ்ச்சி தூண்டும்போது செய்ய வேண்டியது ஒன்று. குறித்த நேரம் வரும்போது செய்ய வேண்டியது மற்றொன்று. தூண்டும் நிகழ்ச்சி இல்லாத வேலையே அதிகம் நழுவுகிறது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கீ டிஸ்மியூக்ஸ் குழுவினர் விமானிகளிடம் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பழகிய வேலையை நினைவூட்டும் சூழல் மாறும்போது தேர்ந்த விமானிகளும் அதைத் தவறவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வழக்கமாகக் கோபுரம் உள்ள நிலையத்தில் இறங்குபவருக்குப் பிளானை முடிப்பது தன் வேலை என்ற பழக்கமே உண்டாவதில்லை. ஒருநாள் கோபுரமில்லாத தளத்தில் இறங்கும்போது நினைவூட்ட ஒரு குரலும் இல்லை.

இரண்டாவது விளக்கம் வேலையின் வரிசையைப் பற்றியது. 1997-இல் மைக்கேல் பைர்ன், சூசன் போவைர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, முக்கிய நோக்கம் நிறைவேறிய பின்பு மீதமிருக்கும் படிகளில் மனிதர்கள் செய்யும் பிழையை எடுத்துக்கொண்டது. நகல் எடுத்தவர் மூலத்தாளை இயந்திரத்திலேயே விட்டுப் போகிறார். பணம் பெற்றவர் ஏ.டி.எம். அட்டையை விட்டுப் போகிறார். நோக்கம் கைகூடியதும் மனம் அந்த வேலையின் முழுப் பட்டியலையும் இறக்கி வைத்துவிடுகிறது. அதிலிருந்த கடைசிப் படியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. மனத்தில் பாரம் அதிகமாக இருந்த நேரங்களில் இந்தப் பிழை கூடியதை அந்த ஆய்வு காட்டியது. பயணத்தின் நோக்கம் இறங்குவது. பிளானை முடிப்பது இறங்கிய பின் வருகிறது. பக்கக் காற்றோடு போராடி இறங்கி, இடம் தேடி நிறுத்தி, விமானத்தைக் கயிற்றால் கட்டி, உடன் வந்தவர்களைக் கவனிக்கும் விமானியிடம் பாரத்துக்குக் குறைவில்லை. மறதி நேர்வதற்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது இந்த வேலையின் வரிசை.

செக்லிஸ்ட் இருக்கிறதே என்றால், அதிலும் ஓர் இடைவெளி உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங்கின் மாடல் 299 விமானம், சுக்கான்களின் பூட்டை எடுக்க மறந்ததால் விழுந்து நொறுங்கியது. அதன் பின்னரே அச்சிட்ட செக்லிஸ்ட் விமானியறைக்குள் நிலைபெற்றது. ஆனால் தயாரிப்பாளர் தரும் பட்டியல் விமானத்தின் பாகங்களைப் பற்றியது. எரிபொருள், மின்சாரம், பூட்டு என்று போய், விமானம் பத்திரமானதும் அது முடிந்துவிடும். பிளான் விமானத்தின் பாகமல்ல. ஆகவே பெரும்பாலான பட்டியல்களில் அதற்கு இடமில்லை. அந்த வரியை விமானியோ பயிற்சிப் பள்ளியோதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதையும் கடைசியில் சேர்ப்பதைவிட, எஞ்சினை நிறுத்துவதற்கு முந்தைய வரியாகச் சேர்ப்பது நல்லது. வானொலி அப்போதும் உயிரோடிருக்கும். மனமும் பட்டியலை இறக்கி வைத்திருக்காது.

மறதியோடு சேர்த்து எண்ணத்தக்க வேறு வழுக்கல்களும் உண்டு. எதிர்க்காற்றில் தாமதமாகும் விமானி, வரும் நேரத்தைத் திருத்திச் சொல்லாமல் பறந்துகொண்டிருப்பார். கீழே அரை மணி கடந்துவிடும். வானிலை கெட்டு வேறு தளத்தில் இறங்கியவர், அங்கே சொன்னால் போதும் என்று நினைப்பார். முதலில் குறித்த தளமோ காத்துக்கொண்டிருக்கும். நேரக் கணக்கிலும் ஒரு குழி உண்டு. பிளானில் எல்லா நேரமும் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்குக் கிளம்புபவர் 0430 என்று எழுத வேண்டிய இடத்தில் 1000 என்று எழுதினால், அது பிற்பகல் 3.30 என்று படிக்கப்படும். கோபுரம் உள்ள தளமென்றால், கிளம்பிய நேரம் தனிச் செய்தியாகப் போய்த் தவறு திருந்திவிடும். இல்லாத தளமென்றால், உண்மையில் விழுந்த விமானத்தைத் தேடத் தொடங்குவதே ஐந்தரை மணி நேரம் பிந்திவிடும்.

நாடுகள் இந்த மறதியைப் பலவிதமாக எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் கண்பார்வை விதிகளில் பறப்பவரின் பிளானைக் கோபுரம் உள்ள நிலையமும் தானாக முடித்துவைக்காது. விமானியே தொலைபேசியிலோ வானொலியிலோ சொல்ல வேண்டும். கோபுரத்தோடு பேசித்தானே இறங்கினோம் என்று நம்பி ஏமாறுபவர்கள் அங்கே உண்டு. அரசுக்காக அந்தச் சேவையை நடத்தும் லைடோஸ் நிறுவனம், வர வேண்டிய நேரத்தை ஒட்டி விமானியின் கைபேசிக்கு நினைவூட்டல் அனுப்பும் வசதியைத் தருகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டாலே பிளான் முடிந்துவிடும். உளவியல் கேட்ட தூண்டும் நிகழ்ச்சி இப்படிக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் எந்த நேரத்துக்குள் தன்னிடமிருந்து செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பதை விமானியே குறித்துக் கொடுக்கலாம். ‘சார்டைம்’ எனப்படும் அந்த நேரத்தை அவர் மறக்காமல் ரத்து செய்ய வேண்டும். கனடாவில் வேறு நேரம் குறிக்கப்படாவிட்டால், வர வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் அவகாசம் உண்டு. பொறுப்பான ஒருவரிடம் பயண விவரத்தை ஒப்படைத்துவிட்டுப் பறப்பதையும் அந்நாடு ஏற்கிறது. அப்போது அவகாசம் 24 மணி. பிரிட்டனிலும் கோபுரமில்லாத தளத்துக்குப் போகும் விமானி, தான் வராவிட்டால் தகவல் கொடுக்க ஒரு நபரை முன்பே ஏற்பாடு செய்கிறார். மறக்கக்கூடிய விமானியிடமிருந்து அந்த வேலையைக் காத்திருக்கும் இன்னொருவரிடம் மாற்றும் இந்த முறை மிகவும் அறிவுபூர்வமானது. காத்திருப்பவரின் மனத்தில் அந்த வேலை இன்னும் முடிவடையாத ஒன்றாக நிற்கும்.

அவகாசம் நீளநீளப் பொய்யெச்சரிக்கை குறையும். உண்மையான விபத்தில் இழக்கும் நேரம் கூடும். ஆளில்லாக் காடும் பனியும் நிறைந்த நாட்டில் பழகிய விமானி தன் வழிக்கேற்ப அவகாசத்தைத் தானே தெரிந்தெடுப்பது பொருத்தம். பயிற்சி விமானிகளே பெருமளவில் சிறு விமானங்களை ஓட்டும் இந்தியாவுக்கு அரை மணியே பொருந்துகிறது.

இந்தியாவில் கதையின் மற்றொரு பக்கம் பாதுகாப்பு. சிறு விமானமானாலும் கிளம்புமுன் விமானப்படையிடமிருந்து வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும், பறத்தல் தகவல் மையத்திடமிருந்து ஓர் எண்ணும் பெற்றாக வேண்டும். ஆகவே இங்கே பிளான் என்பது தேடலுக்கான தாள் மட்டும் அல்ல. வானில் காணும் ஒவ்வொரு புள்ளியும் யாருடையது என்று அறிவதற்கான பதிவும்கூட. இந்தக் கட்டுப்பாட்டினால் பெரும்பாலான பயணங்கள் கோபுரமுள்ள தளங்களுக்கு இடையே நடக்கின்றன. மறதிக்கு வாய்ப்பு குறைகிறது. எஞ்சியிருப்பவை மாநில அரசுகளின் சிறு ஓடுதளங்களும், ஆலைகளுக்குச் சொந்தமான தனியார் தளங்களும், தேர்தல் காலத்து ஹெலிகாப்டர் இறங்கு திடல்களும். பயிற்சிப் பள்ளிகள் சிற்றூர்களின் தளங்களுக்குப் பெருகிவரும் வேளையில், மாணவர் முதன்முறை தனியாக நெடுந்தூரம் பறக்கும் நாளிலேயே இந்தப் பழக்கத்தை ஊட்டுவது பயிற்றுநரின் கடமை. மாணவர் போய்ச்சேரும் நேரத்தில் தொலைபேசி அருகே பயிற்றுநரும் காத்திருப்பது அதைவிட நல்லது.

மறந்தது தாமதமாக நினைவுக்கு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. எந்த நேரமானாலும் அருகிலுள்ள விமானப் போக்குவரத்து அலுவலகத்தை உடனே அழைத்துப் பதிவெழுத்துகளையும் இறங்கிய தளத்தையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். கண்டிப்பார்கள் என்ற கூச்சத்தில் விடியட்டும் என்று விட்டுவிடுவதால் தேடல் நிற்காது. செய்தி கிடைத்ததும் அந்த அலுவலகம் மீட்பு மையத்துக்குச் சொல்லும். ஐயநிலையோ எச்சரிக்கையோ எந்த நிலையில் இருந்தாலும் அது நீக்கப்பட்டதாக, முதலில் தகவல் போன தளங்களுக்கும் படைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் மீண்டும் ஒவ்வொன்றாகச் செய்தி போகும். வானில் இருக்கும் தேடும் விமானங்கள் திருப்பி அழைக்கப்படும். நடந்தவை நேரவாரியாகப் பதிவேட்டில் எழுதப்பட்டு, அதன் பிறகே அந்தப் பிளான் முடிந்ததாகக் குறிக்கப்படும்.